குடும்ப மருத்துவம் மேற்படிப்புக்கு உகந்ததா? ஆய்வுகள் காட்டுவது என்ன?

கேள்வி கேட்டவர், எம்.பி.பி.எஸ். முடித்த தம் மகள் நீட் பி.ஜி. கலந்தாய்வில் குடும்ப மருத்துவத்தைத் தேர்ந்தெடுக்க விரும்புவதாகவும், "சளி, காய்ச்சல் பார்க்க மூன்று வருடப் படிப்பு எதற்கு?" என்று உறவினர்கள் தடுப்பதாகவும் எழுதியிருந்தார். குடும்ப மருத்துவரால் நோயாளிக்கு உண்மையிலேயே கூடுதல் நன்மை உண்டு என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறதா, அந்தப் பயிற்சியில் தனியாகக் கற்க என்ன இருக்கிறது என்பவை அவருடைய இரண்டு கேள்விகள். ஒரு சிற்றூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே பணியைச் செய்துவருபவள், இளம் மருத்துவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பயிற்றுவிப்பவள் என்ற முறையில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் "சளி, காய்ச்சல்" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். 1961இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஓர் எளிய கணக்கைப் போட்டார்கள். வயது வந்த 1,000 பேரை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் அவர்களில் சுமார் 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் குறைவு வருகிறது; 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள்; 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள்; பல்கலைக்கழக மருத்துவமனை வரை போய்ச் சேருபவர் ஒரே ஒருவர். 40 ஆண்டுகள் கழித்து, 2001இல் லாரி கிரீன் குழுவினர் இதே கணக்கைப் புதிதாகப் போட்டபோது, மருத்துவம் அவ்வளவு மாறிப்போயிருந்தும் படம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. ஆயிரத்தில் ஒருவர்கூட முழுதாகப் பல்கலைக்கழக மருத்துவமனையை எட்டவில்லை.

நம் பிள்ளைகள் ஐந்தரை ஆண்டுகள் மருத்துவம் கற்பது பெரும்பாலும் அந்த ஒருவரைப் பார்த்துத்தான். பாடநூலும் வார்டு ரவுண்டும் தேர்வுக்கு வைக்கப்படும் கேஸ்களும் அந்த ஒருவரைச் சுற்றியே அமைகின்றன. மீதி 249 பேரை அவர்கள் எங்கே பார்த்துப் பழகினார்கள்? சமூக மருத்துவத் துறையின் களப்பணிக் காலத்திலும், ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்படும் சில மாதங்களிலும் கொஞ்சம் பார்த்திருப்பார்கள். அந்தச் சில மாதங்களிலும் பி.ஜி. தேர்வுக்கான கேள்வி வங்கியே பல பிள்ளைகளின் மேசையில் விரிந்து கிடக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, நானும் அப்படித்தான் இருந்தேன்.

இது ஏன் சிக்கலாகிறது என்பதை ஒரு கணக்கைக் கொண்டு விளக்குகிறேன். ஒரு பரிசோதனை, நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோய் இல்லாத 100 பேரில் 90 பேருக்குச் சரியாக "இல்லை" என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனையின் இதய நோய்ப் பிரிவுக்கு வடிகட்டி அனுப்பப்படும் 1,000 பேரில் 500 பேருக்கு நோய் இருந்தால், பரிசோதனை "உண்டு" என்று சொல்லும் 500 பேரில் 450 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும். அதே பரிசோதனையைத் தெருமுனைக் கிளினிக்குக்கு வரும் 1,000 பேரிடம் செய்து பாருங்கள். அங்கே 10 பேருக்குத்தான் நோய் இருக்கிறது என்றால், பரிசோதனை 9 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். கூடவே நோயே இல்லாத 99 பேரிடமும் "உண்டு" என்று சொல்லிவிடும். ஆக 108 பேரில் 9 பேருக்கே நோய், அதாவது பன்னிரண்டில் ஒருவருக்கு. கருவியும் அதன் தரமும் மாறவில்லை, நோயாளிகள் வந்த இடம் மட்டுமே மாறியது. பெரிய மருத்துவமனையில் மட்டும் பழகிய மருத்துவர் சிறிய கிளினிக்கில் உட்காரும்போது, நல்ல எண்ணத்துடனேயே தேவையில்லாத ஸ்கேன்களையும் தேவையில்லாத பயத்தையும் உண்டாக்கிவிடுவது இதனால்தான். எதிர்ப்பக்கத்தில், சாதாரணத் தலைவலிகள் நூற்றுக்கணக்கில் வந்துபோகும் வரிசையில் மூளைக்காய்ச்சலோடு வந்து நிற்கும் ஒரு குழந்தையைத் தவறவிடாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கும் வேலை இது. அதற்கு மூன்றாண்டுப் பயிற்சி அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். ஆரம்ப நிலை மருத்துவத்தின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதை ஆய்வு நோக்கில் தெளிவாக்கியவர்களில் முதன்மையானவர் பார்பரா ஸ்டார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர். நோயாளி முதலில் வந்து சேரும் இடமாக இருப்பது, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அவரைப் பார்ப்பது, எல்லா வகை நோய்களையும் ஏற்றுக்கொள்வது, வெவ்வேறு நிபுணர்கள் தரும் சிகிச்சைகளை ஒன்றாக இணைத்துப் பார்ப்பது ஆகிய நான்கையும் அவர் அடிப்படையாக வைத்தார். இவற்றில் தொடர்ச்சியைப் பற்றிய சான்றுகள் என்னை இன்றும் வியக்க வைப்பவை.

நார்வேயில் 2001 முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்து ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. அங்கே சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு ஹோக்னே சான்ட்விக் குழுவினர் செய்த ஆய்வு, ஒரே மருத்துவரிடம் ஓராண்டு மட்டும் இருந்தவர்களையும் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களையும் ஒப்பிட்டது. நீண்டகாலம் ஒரே மருத்துவரிடம் இருந்தவர்கள் நேரங்கெட்ட நேரத்தில் அவசர மருத்துவரை நாடுவது சுமார் 30 விழுக்காடும், மருத்துவமனையில் திடீரென அனுமதிக்கப்படுவது 28 விழுக்காடும், இறப்பு 25 விழுக்காடும் குறைவாக இருந்தன. ஆண்டுகள் கூடக் கூட அந்தக் குறைவும் படிப்படியாகக் கூடிக்கொண்டே போனது. இதற்கு முன்பே, 2018இல், டெனிஸ் பெரேரா கிரே குழுவினர் ஒன்பது நாடுகளின் 22 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அவற்றில் 18 ஆய்வுகள் மருத்துவத் தொடர்ச்சிக்கும் குறைந்த இறப்பு விகிதத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியிருந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இவை பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, "நீ ஒரே மருத்துவரிடம் போ, நீ மாற்றிக்கொண்டே இரு" என்று பதினைந்து ஆண்டுகள் சோதிக்க யாராலும் முடியாது. நிலையான வாழ்க்கை அமைந்தவர்களுக்கே ஒரே மருத்துவரிடம் நீடிக்க வாய்ப்பு அதிகம் என்பதும் உண்மை. அதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஆனாலும் முழுமையாக விலக்கிவிட முடியாது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில், திரும்பத் திரும்ப ஒரே திசையில் முடிவு வருவதால்தான் நான் இதை நம்புகிறேன்.

தொடர்ச்சி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு என் அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி, தலைசுற்றலோடு முதல் முறையாக வந்தார். மஞ்சப்பையைக் கவிழ்த்து மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டினார். பயிற்சி மருத்துவரும் நானும் அவற்றை ஒவ்வொன்றாக அடுக்கினோம். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரை இரண்டு வெவ்வேறு பெயர்களில், இரண்டு மருத்துவர்களின் சீட்டுகளில் இருந்தது. பாட்டி இரண்டையும் விழுங்கிவந்தார். அந்த மருந்து கூடினால் கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்த மூன்றாமவர் நீர் பிரிக்கும் மாத்திரை எழுதியிருந்தார். அதனால் இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியதாகித் தூக்கம் கெட்டது. தூக்கத்துக்கு இன்னொருவர் ஒரு மாத்திரை தந்திருந்தார். தலைசுற்றல் வந்தது அதற்குப் பிறகுதான். "ஒவ்வொருத்தரும் நல்ல டாக்டருதாம்மா, யார்கிட்ட எதச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார். அவர் சொன்னது சரி. எந்தச் சீட்டிலும் தனியாகப் பார்த்தால் தவறில்லை. முழுப் பையையும் பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கும் தரப்படவில்லை, அவ்வளவுதான். மூன்று மாத்திரைகளை இரண்டு மாத காலத்தில் படிப்படியாக நிறுத்தினோம். பாட்டி இப்போது தனியாகவே பஸ் ஏறி வருகிறார்.

தொடர்ச்சியோடு சேர்ந்து, தேடிப்போய்ப் பார்ப்பதும் பலன் தரும் என்பதற்கு வேல்ஸின் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரைச் சொல்லலாம். அங்கே ஜூலியன் ட்யூடர் ஹார்ட் என்ற பொது மருத்துவர், எந்த நோய்க்காக வந்தவராக இருந்தாலும் இரத்த அழுத்தத்தை அளந்து, வராதவர்களைத் தேடிப்பிடித்து, ஆண்டுக்கணக்கில் பதிவேடு வைத்தார். சுமார் 25 ஆண்டுகளுக்குப் பின் கணக்குப் பார்த்தபோது, 65 வயதுக்குட்பட்டவர்களின் இறப்பு அதேபோன்ற ஏழ்மை நிலவிய பக்கத்து ஊரைவிட ஏறத்தாழ 28 விழுக்காடு குறைவாக இருந்தது. நல்ல மருத்துவம் எங்கே மிகத் தேவையோ அங்கேதான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்ற தலைகீழ் விதியை 1971இல் எழுதியவரும் இவரே. ஒரு சிற்றூர் மருத்துவர் தன் ஊரையே ஆய்வுக்களமாக்க முடியும் என்று காட்டியதால், என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இவருடையது.

இந்தியாவுக்கு வருவோம். மருத்துவத் தரத்தை அளக்க இங்கே மிகச் சிறப்பாகப் பயன்பட்டது மாதிரி நோயாளி முறை: பயிற்சி பெற்ற ஒருவர் சாதாரண நோயாளிபோல மருத்துவரிடம் போய், குறிப்பிட்ட நோய்க்குறிகளைச் சொல்லி, என்ன கேட்டார், என்ன எழுதிக்கொடுத்தார் என்பதை வெளியே வந்து பதிவு செய்வார். ஜிஷ்ணு தாஸ் குழுவினர் மத்தியப் பிரதேசக் கிராமங்களிலும் டெல்லியிலும் இப்படிச் செய்து 2012இல் வெளியிட்ட முடிவுகளைப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகளிலும் செய்ய வேண்டிய சோதனைகளிலும் மூன்றில் ஒரு பங்கையே மருத்துவம் பார்ப்பவர்கள் செய்தார்கள். சரியான சிகிச்சை கிடைத்தது சுமார் 30 விழுக்காடு சந்திப்புகளில்தான். மத்தியப் பிரதேசத்தில் மருத்துவம் பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு எந்த மருத்துவத் தகுதியும் இல்லை. தகுதி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடோ எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. அதே குழுவினரின் பிந்தைய ஆய்வு, ஒரே மருத்துவர் அரசு நிலையத்தில் இருக்கும்போதைவிடத் தம் சொந்தக் கிளினிக்கில் அதிகக் கவனத்துடன் பார்ப்பதைக் காட்டியது. அறிவு மாறவில்லை, அந்த அறிவைச் செயலாக்கும் சூழல் மாறியது.

இந்த இடைவெளியை இன்னும் நுட்பமாகப் பிரித்துப் பார்த்தது 2024இல் வெளியான ஓர் ஆய்வு. கர்நாடகம், பீகார் இரண்டிலும் 253 ஊர்களில் 2,282 தனியார் மருத்துவ வழங்குநர்களிடம், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று மாதிரி நோயாளிகள் போனார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் உயிர் காக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் பலர் அதை எழுதுவதில்லை. ஏன்? கையிருப்பு இல்லாததும் பெரிய காரணம் இல்லை, ஆன்டிபயாட்டிக் விற்றால் கிடைக்கும் லாபமும் பெரிய காரணம் இல்லை. இவை முறையே 6, 5 விழுக்காடு அளவுக்கே விளக்கம் தந்தன. நோயாளிகள் ஓ.ஆர்.எஸ். விரும்ப மாட்டார்கள் என்று மருத்துவம் பார்ப்பவர்களே தவறாக எண்ணிக்கொள்வது 42 விழுக்காட்டுக்கு விளக்கம் தந்தது. வந்தவர் ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று விருப்பத்தைக் காட்டியபோது, அதை எழுதிக்கொடுப்பது 27 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது.

இது எனக்கு மிக நெருக்கமான உண்மை. "ஊசி போட்டாத்தான் அவங்களுக்குத் திருப்தி" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். எத்தனை பேரிடம் உண்மையில் கேட்டிருக்கிறோம்? பயிற்சிக்கு வந்த ஒரு தம்பியிடம் ஒரு வாரம், ஊசி கேட்பார்கள் என்று அவர் நினைக்கும் ஒவ்வொருவரிடமும், "இன்னைக்கு எதுக்குப் பயந்து வந்தீங்க?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். ஒரு தாய், பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்ததைப் பார்த்துவிட்டு, தன் பிள்ளைக்கும் காய்ச்சல் ஏறி அப்படி ஆகிவிடுமோ என்று இரவெல்லாம் தூங்காமல் வந்திருந்தார். ஊசியைப் பற்றி அவர் பேசவே இல்லை. காய்ச்சலை எப்படி அளப்பது, எப்போது உடனே ஓடிவர வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போனார்.

இந்த இடத்தில் இரண்டாவது கேள்விக்கு, அதாவது பயிற்சியில் என்ன இருக்கிறது என்பதற்கு, நேராக வந்துவிட்டேன். கேட்பதும் கற்க வேண்டிய திறன்தான். 1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நோயாளி பேசத் தொடங்கியபின் மருத்துவர் சராசரியாக 18 நொடிகளில் குறுக்கிடுவதைக் கண்டார்கள். விட்டுவிட்டால் பேசிக்கொண்டே இருப்பார்களோ என்ற பயம் நமக்கு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்ததில், சராசரியாக 92 நொடிகளில் அவர்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். ஒன்றரை நிமிடம்! ஆனால் அந்த ஒன்றரை நிமிடமும் நம் நாட்டில் எளிதாகக் கிடைக்காது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஆய்வில், ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் வங்கதேசத்தில் 48 நொடியாகவும் சுவீடனில் 22.5 நிமிடமாகவும் இருந்தது. உலக மக்கள்தொகையில் பாதிப் பேர் வாழும் நாடுகளில் அது ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். 150 பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் இளம் மருத்துவரிடம் "கனிவாகக் கேள்" என்று மட்டும் சொல்வது அநியாயம். யாரிடம் எப்போது நேரம் செலவிடுவது, எதை அடுத்த வருகைக்கு வைப்பது என்று பிரித்துக்கொள்ளவும் கற்றுத்தர வேண்டும். அடுத்த வருகையும் இதே மருத்துவரிடம்தான் என்றால்தான் அப்படிப் பிரித்துக்கொள்ள முடியும்.

பயிற்சி பெறும் இடம் மருத்துவரின் கையில் ஒரு பழக்கத்தைப் பதித்துவிடுகிறது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு, செலவு அதிகமாகும் வட்டாரத்தில் பயிற்சி பெற்ற குடும்ப மருத்துவர்களும் உள்மருத்துவ (இன்டர்னல் மெடிசின்) மருத்துவர்களும் பிறகு வேறு இடத்துக்குப் போனாலும் அதிகம் செலவு வைப்பவர்களாகவே இருந்ததைக் காட்டியது. பயிற்சி முடித்த முதல் ஆண்டுகளில் அது அழுத்தமாகத் தெரிந்து, பிறகு மெல்லத் தேய்ந்தது. மேற்படிப்புக்கு ஊர் தேர்ந்தெடுக்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும்.

தரத்தை அளப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2004 முதல் பொது மருத்துவர்களின் வருமானத்தில் கால்பங்கு வரை 146 தரக் குறியீடுகளோடு இணைக்கப்பட்டது. தொடக்கத்தில் நீரிழிவு, ஆஸ்துமா சிகிச்சைகள் வேகமாக மேம்பட்டன. இலக்கை எட்டியதும் முன்னேற்றம் மந்தமானது. பணத்தோடு இணைக்கப்படாத பணிகளில் தரம் சரிந்தது. ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பும் குறைந்தது. ஸ்காட்லாந்து 2016இல் இத்திட்டத்தையே கைவிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது பெரிய காரியம். அதன் அடுத்த படியில், எத்தனை வீடுகளுக்கு மாத்திரை போனது என்ற எண்ணிக்கையோடு, இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கட்டுக்குள் வராதவருக்கு மருந்தை மாற்றித்தர அவரைத் தெரிந்த ஒரு மருத்துவர் இருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி உங்கள் மகளுக்கு. தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் டி.என்.பி. என்ற மேற்படிப்பு குடும்ப மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 2010களின் தொடக்கத்தில் எம்.டி. படிப்பாகவும் இது வந்தது, வேலூர் சி.எம்.சி. பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தொலைக்கல்வி வழியில் கற்பிக்கிறது. ஆனால் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் இன்னும் இது தனித் துறையாக நிலைபெறாததால், மாணவர்கள் தாங்கள் ஆக விரும்பும் மருத்துவரைக் கண்ணால் பார்க்காமலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இதுவே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. வருமானமும் அரசுப் பதவி உயர்வும் பிற துறைகளுக்கு நிகராக இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

சேருமுன் அந்த நிறுவனத்தில் மூன்றே கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாண்டுகளில் எத்தனை மாதம் வார்டுக்கு வெளியே, முதல் நிலைக் கிளினிக்கில் உட்கார வைப்பார்கள்? ஒரே குடும்பங்களை மூன்றாண்டும் தொடர்ந்து பார்க்க அவருக்கென்று ஒரு பட்டியல் தருவார்களா? அவர் நோயாளியோடு பேசும்போது மூத்த மருத்துவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து, பிறகு அதைப் பற்றிப் பேசுவாரா? பல இடங்களில் குடும்ப மருத்துவப் பயிற்சி என்ற பெயரில் ஆளில்லாத வார்டுகளுக்கு டியூட்டி போடுகிறார்கள். அங்கே சேர்ந்தால் உறவினர்கள் சொல்வது உண்மையாகிவிடும். மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்கிற இடமாக இருந்தால், தயங்காமல் சேரச் சொல்லுங்கள்.